ஊரபிமானமும் அயலூர்ப் பொறாமையும்

தன்னைத் தானே புகழ்வானை உலகம் நகைக்கும்; தன் ஊரைப் புகழ்வானை அவ்வுலகமே தலையசைத்துக் கேட்கும். 'யான் பெரியேன்' என்று சொல்ல நாணுகின்ற நல்லோனும் 'எம்மூர் பெரிது' என்று சொல்ல நாணுவதில்லை. அயல்வீட்டான் வாழ்வு கண்டு மனம் புழுங்குதல் இழிவென்று அறிந்தவன், அயலூரார் வாழ்வு கண்டு புழுங்குங்கால் அதனை இழிவென்று கருதாது கடமை என்றே கருதுகின்றான். ஒருவனிடத்துக் குற்றமாயது ஆயிரவரிடத்துக் குணமாதல் எங்ஙனம்? இவ்வினாவே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

இது கற்றோர் பொழுதுபோக்காக எழுப்பும் வினா அன்று. சைவப் பாடசாலை ஆசிரியரை நேரே சார்வது. நம் மாணாக்கர் கீழ்வகுப்பிலேயே 'எமது ஊர்' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதப் பயில்கின்றனர். அக்கட்டுரையில் ஊரின் கோயிலும் குளமும் வயலும் வருகின்றன. அவை வருதல் நன்று. ஆயின், எழுதப்படாத இன்னொரு பாடமும் அவ்வகுப்பிலே கேட்கப்படுகின்றது. அது, அடுத்த ஊரார் நம்மை வஞ்சித்தவர் என்னும் பாடம். அதனை நூல் கற்பிப்பதில்லை. வீட்டுத் திண்ணையும் சந்தையும் கற்பிக்கின்றன. சில வேளை ஆசிரியர் தாமும் தம்மை அறியாமற் கற்பிக்கின்றனர்.

ஊரபிமானத்தை முற்றக் கடிதல் எம் கருத்தன்று. சேக்கிழார் சுவாமிகள் நாயன்மார் சரிதம் கூறப் புகுங்கால், அவர் பிறந்த நாட்டையும் ஊரையும் சிறப்பித்தே பலவிடத்தும் தொடங்குகின்றனர். ஆரூரும் காஞ்சியும் போன்ற பேரூர்களோடு, நந்தனார் பிறந்த ஆதனூரும், அப்பூதியடிகள் வாழ்ந்த திங்களூரும், கண்ணப்பர் பிறந்த உடுப்பூரும் அப்பெருநூலிலே தமக்குரிய இடம் பெற்றன. ஊர் சிறிதென்று அவர் ஒன்றனையும் தள்ளினாரல்லர். ஊர் என்பது மண்ணும் மனையும் மட்டுமன்று. பிறந்தார்க்குத் தமிழும் தொழிலும் வழிபாடும் தந்து வளர்த்த தாய் அது. அத்தாயை நினையாதவன் பிறிதொன்றனையும் நினையான். ஆகவே ஊரபிமானம் அறமே. அது எவ்விடத்தில் அறம் என்னும் நிலையினின்று வழுவுகின்றது என்பதே ஆராய்தற்குரியது.

இதற்கு உதாரணம் தேடித் தூரதேசம் செல்லவேண்டுவதில்லை. ஈழநாட்டின் கீழ்கரையிலே, அம்பாறை மாவட்டத்திலே, கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றரையிலே, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. பெருந்தெருவிலே செல்லும் வழிப்போக்கன் ஓரூர் முடிந்து மற்றோரூர் தொடங்கும் இடத்தைக் காணான். முஸ்லிம்கள் வாழும் ஊரும் தமிழர் வாழும் ஊரும் மாறி மாறி வருகின்றன. பேச்சு யாவர்க்கும் ஒரே தமிழ். தாய்வழியாற் குடி கணிக்கும் வழக்கமும் இரு திறத்தாரிடத்தும் உண்டு. கோயிலிலும் பள்ளிவாசலிலும் பொறுப்பாளரைக் குடிவழியாக நியமித்த பழைய முறையும் அவ்வாறே இருபாலும் நிலவியது. ஒரு நெல்லை விளைத்து, ஒரு கடலில் வலை வீசி, மருதமுனைக் கைத்தறியில் நெய்த ஆடையை ஒருங்கே உடுத்து வாழ்ந்த மக்கள் இவர்.

இவ்வூர்களுள்ளே கல்முனை பெரிது. சந்தையும் வங்கியும் அலுவலகங்களும் உடையது. அதன் தென்பால் ஒட்டிக்கிடக்கும் சாய்ந்தமருது ஏறத்தாழ 25,000 மக்கள் வாழும் முஸ்லிம் ஊர். முன்னாளில் கல்முனைக்குப் பட்டின சபையும், சாய்ந்தமருது முதலிய சுற்றூர்களுக்குக் கரவாகு என்னும் பழம்பெயர் தாங்கிய கிராம சபைகளும் இருந்தன. 1987ஆம் ஆண்டிற் பிரதேச சபைச் சட்டம் வந்தபொழுது இச்சபைகள் நான்கும் ஒன்றாக்கப்பட்டன. அச்சபையே பின்னர் மாநகர சபையாக உயர்ந்தது. தம் வரி பெருநகரிலே செலவாகின்றது, தம் தெருவும் வடிகாலும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன, முன்னிருந்த சபையையே மீளக் கேட்கின்றோம் என்பது சாய்ந்தமருதார் முறையீடு. 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே அவர் கடையடைத்துத் தெருவில் இறங்கினர். 2018 பெப்ரவரித் தேர்தலிலே அரசியற் கட்சிகளைத் தள்ளி, ஊர்ப் பள்ளிவாசலின் ஆதரவு பெற்ற சுயேச்சைக் குழுவைத் தேர்ந்தனர். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது, ஊரார் மகிழ்ந்தனர். சின்னாட்களிலேயே அமைச்சரவை அதனை நிறுத்திவைத்தது. ஒரே கிழமைக்குள் ஓரூருக்கு மகிழ்ச்சியும் துயரும் வந்தன. அடுத்த ஊருக்கு அவையே துயரும் மகிழ்ச்சியுமாயின. இதுவே பொறாமையின் துலாக்கோல்: ஒரு தட்டு எழுந்தாலன்றி மற்றத் தட்டுத் தாழாது என்று கொள்ளும் கணக்கு.

கல்முனையார் மறுப்பும் நியாயமில்லாததன்று. ஓரூர் மட்டும் விலகினால் எஞ்சிய பகுதியிலே தாம் சிறுபான்மையாகி, தலைமுறையாக வளர்த்த சந்தை தம் கையினின்றும் போய்விடுமோ என்று அவர் அஞ்சினர். பிரிப்பதாயின் முன்போல நான்காகவே பிரிக்க என்றனர். அவ்வச்சத்துக்கு ஏதுவாய் நின்றவர் அந்நகரின் வடபால் வாழும் தமிழர். அவர்க்கோ மற்றொரு துயர் உண்டு. கல்முனைத் தமிழர்க்கென 1989ஆம் ஆண்டிலே ஓர் உப செயலகம் திறக்கப்பட்டது. 1993இல் அதனை முழுமையான பிரதேச செயலகமாக்க அமைச்சரவை இசைந்தும், அது நிறைவேறாமலே ஆண்டுகள் கழிந்தன. 2019 ஜூனிலே பௌத்த துறவியாரும் இந்துக் குருவும் பிறரும் ஒருங்கிருந்து உண்ணாநோன்பு நோற்றனர். அதற்கு மாறாக முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். 2024ஆம் ஆண்டிலும் தமிழர் அச்செயலகத்தின் முன்னே பல வாரங்கள் அமர்ந்து முறையிட்டனர்.

இன்னும் ஒருபடி மேலே நோக்குக. 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. கரையோரத்தார் தமிழ் பேசுவோர். கச்சேரியோ உள்நாட்டு நகராகிய அம்பாறையிலே சிங்கள மொழிச் சூழலில் அமைந்தது. ஆதலிற் கரையோர முஸ்லிம்கள் தமக்கெனக் கல்முனையைத் தலைநகராகக் கொண்ட ஒரு கரையோர மாவட்டம் வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டு வந்தனர்.

அவர் கூறும் நியாயம் யாது? தூரத்துப் பெருநகர் எம் தேவையை அறியாது. எம் மொழியில் எம் அலுவல் நடைபெறல் வேண்டும். எம்மை ஆளும் இடம் எம் அருகில் இருத்தல் வேண்டும் என்பதே. நல்ல நியாயம். ஆயின், அதே நியாயத்தைச் சாய்ந்தமருதார் கல்முனை நோக்கிக் கூறுகின்றனர். அதனையே கல்முனைத் தமிழர் கூறுகின்றனர். கேட்குங்கால் ஒவ்வொருவர் நாவிலும் அது தேனாய் ஊறுகின்றது. கீழுள்ளான் கேட்குங்கால் அதுவே செவியில் நஞ்சாய்ப் புகுகின்றது. மேல் நோக்கிக் கேட்ட நியாயத்தைக் கீழ் நோக்கி மறுத்தல் என்னும் இவ்வொரு செயலே ஊரபிமானம் அறமென்னும் நிலையினின்று வழுவும் இடமாகும்.

நாம் இதனைப் பிறர் குற்றமாக மட்டும் எண்ணி மகிழ்தல் தகாது. சாய்ந்தமருதுக்குத் தெற்கே காரைதீவு. சைவர் பெரும்பான்மையாக வாழும் ஊர். தனிப் பிரதேச சபை உடையது. அச்சபைக்கு உட்பட்டு மாளிகைக்காடு, மாவடிப்பள்ளி என்னும் முஸ்லிம் ஊர்கள் உள்ளன. அங்கே பெரியவர் நாம், சிறியவர் அவர். கல்முனையிலே தமிழர்க்கு வேண்டும் என்று நாம் கேட்பதனைக் காரைதீவிலே முஸ்லிம்களுக்கு மனமுவந்து கொடுக்கின்றோமா? இவ்வினாவுக்கு விடை சொல்ல இயலாத நாவு, கல்முனையைக் குறித்துப் பேசும் உரிமையிற் பாதியை இழந்துவிடுகின்றது.

சைவர்க்கு இதனினும் கசந்த உதாரணம் ஒன்றுண்டு. தமிழர் தலைநகர் நோக்கிச் சமவுரிமை கேட்டு நின்ற காலத்திலேயே, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, ஒடுக்கப்பட்ட சாதியார் எனப்பட்ட அடியார்கள் உள்ளே புகாவண்ணம் தடுக்கப்பட்டனர். மேலே கேட்டது ஒன்று. கீழே கொடுத்தது வேறொன்று. நந்தனார் சரிதத்தைப் பாடசாலையிற் படிப்பித்த கையே கோயில் வாயிலை அடைத்தது. இதனை மறைத்துவிட்டு அயலூரார் வழக்கைத் தீர்க்கப் புகுவோமாயின் நம் உரை சபையேறாது.

இக்குற்றத்தின் வேர் யாது? சைவசித்தாந்தம் இதனைத் தெளிவாக உணர்த்தும். புறவிருள் பொருள்களை மறைக்கும். ஆயினும் 'இஃது இருள்' என்று தன்னையேனும் காட்டும். ஆணவமலமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்து நிற்கும் என்பது திருவருட்பயன் தரும் விளக்கம். தன்னை மறைத்தற்கு ஆணவம் கொள்ளும் வேடங்கள் பல. அவற்றுள் மிக அழகியது 'எமது' என்னும் வேடம். 'யான்' என்னும் அகப்பற்றையும் 'எனது' என்னும் புறப்பற்றையும் அடியார் கூட்டமும் நூற்பயிற்சியும் ஒருவாறு நாணச் செய்யும். 'எமது' என்று பலர்பாலிற் சொல்லியவுடனே அந்நாணம் நீங்கிவிடும். தனக்கென்று கேட்டிலன், ஊருக்கென்றே கேட்டனன். ஆகவே தான் தியாகி என்று எண்ணுகின்றான். ஆயிரம் பேருடைய ஆணவம் ஒரு பெயரின்கீழ்த் திரண்டு நிற்பதை அவன் காண்பதில்லை. மேலே எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே: ஒருவனிடத்துக் குற்றமாயது ஆயிரவரிடத்துக் குணமாவதில்லை, குற்றமென்று காணப்படாதொழிகின்றது, அவ்வளவே.

இது வளரும் முறையைத் திருவள்ளுவர் அதிகார வைப்பும் காட்டுதல் காண்க. பொறையுடைமை, அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை என 16 முதல் 19 வரையுள்ள நான்கதிகாரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. பொறுமை நீங்கிய இடத்திலே பொறாமை புகும். பொறாமை முதிர்ந்தால் பிறர் பொருளை வௌவும் எண்ணம் எழும். வௌவ இயலாதபோது புறங்கூறுதல் மிஞ்சும். அயலூர்ப் பகையின் சரித்திரம் முழுவதும் இந்நான்கு தலைப்பில் அடங்கும்.

கல்முனைக்கு அணித்தாகிய பாண்டிருப்பிலே திரௌபதையம்மன் கோயில் உண்டு. ஆண்டுதோறும் திருவிழாவிலே பாரதக் கதை படிக்கப்படும். பாண்டவர் வனம்புகுதல் முதலியன சடங்காகவே நிகழ்த்தப்படும். முடிவிலே அடியார் தீமிதிப்பர். அவ்வூர்ச் சிறுவர் யாவரும் அறிந்த அக்கதை, உண்மையில் இரண்டு அயல் நகரங்களின் கதையே. அத்தினாபுரம் பழைய பெருநகர். பாண்டவர்க்குப் பாகமென்று கொடுத்ததோ காண்டவ வனம் சூழ்ந்த தரிசு நிலம். அந்நிலத்திலே அவர் உழைத்து இந்திரப்பிரத்தத்தை எழுப்பினர். சிறுநகர் பொலிந்தது கண்டு பெருநகரிலிருந்த துரியோதனன் உடல் கருகினான். பொறாமை சிறியவனுக்கே உரியது என்போர் இதனை நோக்குக. தொண்ணூற்றொன்பது தம்பியர் துணையும் பெருநகரும் உடையவனே பொறாமையால் வெந்தான். பின்னர்க் கண்ணபிரான் தூதாகச் சென்று ஐந்து ஊரேனும் கொடு என்று கேட்டபோது அவன் மறுத்தமைக்கு நிலக்குறைவு காரணமன்று; கொடுத்தால் அவர் மீண்டும் பொலிவர் என்னும் அச்சமே காரணம்.

இதுகாறும் கேட்டவர், பாண்டவர் பக்கமே நியாயம் என்று அமைவர். கதையை இன்னும் ஒரு முறை படித்தல் வேண்டும். இந்திரப்பிரத்தத்தின் பெருமைக்கு வழிகோலியது யாது? காண்டவ வனத்தை எரித்தமை. அவ்வனத்திலே வாழ்ந்த நாகரும் விலங்கும் பறவையும் தீயில் மாண்டனர். தப்பியோர் தரங்கெட்டு ஓடினர். மேலுள்ளாரிடத்து ஐந்தூர் கேட்கும் நிலையினராகப் பின்னர் நின்றவரே, முன்னர்த் தம் கீழுள்ளார்க்கு ஒரு மரநிழலும் விடவில்லை. அத்தீயின் பழி தலைமுறை கடந்து, அருச்சுனன் பேரனாகிய பரீட்சித்தைத் தக்ககன் தீண்டுதலிலே வந்து நின்றது. பாரதம் ஒரு பக்கத்தாரைப் புகழ எழுந்த நூலன்று. இருபாலாரையும் ஒரே நெருப்பில் நிறுத்திக் காட்டும் நூல். பாண்டிருப்பிலே தீமிதிப்பவன் இதனை உணர்ந்து மிதிப்பானாக.

இங்ஙனமாயிற் போட்டி முற்றும் தீதோ எனின், அன்று. கிரேக்க நாட்டிலே அஸ்கிரா என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஹெசியொட் என்னும் பழம்புலவர், பாகம் பற்றித் தம் உடன்பிறந்தானோடு வழக்குப்பட்டவர். உலகிலே போட்டித் தெய்வம் ஒன்றன்று, இரண்டு என்பது அவர் துணிபு. ஒன்று போரையும் பகையையும் வளர்ப்பது. மற்றையது, அயலான் செழித்தல் கண்ட சோம்பேறியை எழுப்பி ஏர் பிடிக்கச் செய்வது. வள்ளுவனாரும் அழுக்காற்றைக் கடிந்த அந்நூலிலேயே ஊக்கமுடைமைக்குத் தனியதிகாரம் வகுத்தனர். ஆகவே இரண்டனையும் பிரித்தறியும் உரைகல் ஒன்று வேண்டும். அஃதிது: அயலூர் இன்று வீழ்ந்துவிட்டால் என் ஊருக்கு நன்மை வந்ததாக என் நெஞ்சம் மகிழுமா? மகிழுமாயின் அது பொறாமை. மகிழாதாயின் அது ஊக்கம்.

நம் சமய வரலாற்றிலே ஊக்கப்போட்டிக்கு உயர்ந்த சான்றுகள் உள. சேக்கிழார் சுவாமிகள் தொண்டைநாட்டுக் குன்றத்தூரிற் பிறந்து சோழனுக்கு அமைச்சரானவர். சோழநாட்டுத் திருநாகேச்சரத்திலே அவர்க்குப் பேரன்பு உண்டாயிற்று. அவ்வூர்ப் பெருமை கண்டு அவர் வெதும்பினாரல்லர். அதனைக் குறைத்துப் பேசினாருமல்லர். தம் சிற்றூரிலே அதே திருப்பெயரால் ஓர் ஆலயம் எழுப்பினார். நாவலர் பெருமானும் அவ்வாறே. வெசுலியன் மிஷன் பாடசாலையிலே கற்றும் கற்பித்தும் இருந்தவர், அம்முறையின் நன்மையைக் கண்கூடாகக் கண்டு, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையையும் 1864இற் சிதம்பரத்திலே மற்றொன்றையும் நிறுவினார். பிறர் பாடசாலையை மூடுவிக்க அவர் முயன்றிலர், தமதைத் திறந்தார். சைவப் பாடசாலைகள் யாவும் அவ்வூக்கத்தின் வழிவந்த மக்களே.

கீழ்கரையே தந்த சான்று விபுலாநந்த அடிகளார். 1892இற் காரைதீவிலே பிறந்த அவர், சிறுபருவத்திலே கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் கற்றார். பின்னர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராயினார். சிற்றூர் பெற்றது, பேரூர் எழுத்தறிவித்தது, பெருமை இரண்டுக்கும் உரியதாயிற்று. காரைதீவும் கல்முனையும் அப்பெருமையைப் பாகம் பிரிக்க வேண்டிய தேவை யாது? பாகம் பிரித்தாற் குறையும் செல்வமும் உண்டு. பகிர்ந்தாற் பெருகும் செல்வமும் உண்டு. முன்னையதற்கு எல்லைக்கல் வேண்டும், பின்னையதற்கு வேண்டா.

ஈண்டு ஓர் ஆசங்கை எழும். சிற்றூர் கேட்பதெல்லாம் கொடுப்பதாயின் பிரிவினைக்கு முடிவுண்டோ? நாளை ஒவ்வொரு தெருவும் தனிச்சபை கேட்குமன்றோ? இணைந்திருத்தலன்றோ வலிமை? இது தள்ளத்தக்க வினாவன்று. எவ்வூருக்குத் தனிச்சபை தகும், எவ்விடத்து எல்லை அமையும் என்பன சனத்தொகையும் வருவாயும் நிலமும் அளந்து முடிவு செய்யவேண்டியவை. அவற்றை அறநூல் ஒன்றே தீர்த்துவிடாது. இணைதலும் அறமாகலாம், பிரிதலும் அறமாகலாம். ஆயின், எதனைச் செய்யினும் மேற்கூறிய உரைகல் மாறாது. இணைந்திருக்க விரும்புவோன் சிறியவன் குறையைத் தன் குறையாகக் கேட்டு, அவன் தெருவை முதலிற் செப்பனிட்ட பின்னரே 'பிரியாதே' என்று சொல்லும் உரிமை பெறுவான். பிரிய விரும்புவோன், தான் பிரிந்தபின் தன் எல்லைக்குள் அகப்படும் இன்னும் சிறியவனுக்கு யாது கொடுப்பான் என்பதை முதலிற் சொல்லக் கடவன். இவ்விரண்டும் சொல்லப்படாத வழக்கிலே எவர் வென்றாலும் நியாயம் வென்றதாகாது.

பகை நீளுவதால் வரும் பயனையும் நோக்குக. 2025 மே மாதத்திலே நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபொழுது, வழக்கொன்றன் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு அது நடைபெறவில்லை. ஏறத்தாழ ஓரிலக்கம் மக்கள், பெரியவூராரும் சிற்றூராரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே, தாம் தேர்ந்த சபை இல்லாதவராயினர். ஓரூர்ச் சபை யாருக்கு என்னும் வழக்கிலே ஒருவருக்கும் சபை இல்லையாயிற்று. இரு பிள்ளைகள் ஒரு பலகாரத்தை இழுத்துப் பிடுங்கி மண்ணிற் போட்டதை ஒக்கும் இது.

இதற்கு மறுதலையான நாளும் அக்கரையோரத்தார் நினைவிலுண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் காலையிலே கடல் எழுந்து வந்தது. இலங்கையிலே மிகுதியான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு என்னும் எல்லைக்கற்கள் ஒன்றும் அவ்வலைக்குத் தெரியவில்லை. கூற்றுவன் எல்லை பார்த்திலன், பார்ப்பவர் பிழைத்திருப்பவரே. இன்று கல்முனையிலே சிறிது தூரத்துக்குள் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. வடபாலுள்ளது தமிழர்க்கு, அஷ்ரப் பெயர் தாங்கியது முஸ்லிம்களுக்கு என்று மக்கள் வழக்கிற் சொல்லப்படுகின்றன. ஆயினும் நோய் முற்றிய இரவிலே எவன் கதவு திறந்திருக்கின்றதோ அவன் கதவையே தாய் தட்டுகின்றாள். அத்தாய்க்குத் தெரிந்த ஞானம் ஊர்ப் பெரியார்க்கும் தெரிந்தால் வழக்குப் பாதி தீரும்.

இனி ஆசிரிய அன்பர்க்கு ஒரு விண்ணப்பம். சட்டம் இயற்றுவோர் நாமல்லேம். எல்லை வரைவோரும் அல்லேம். எனினும் எல்லைக்கு இருமருங்கும் நின்று இன்னும் இருபதாண்டிற் பேசப்போகும் நாவுகள் இன்று நம் முன்னே பலகையில் அமர்ந்திருக்கின்றன. ஆதலின் மூன்று செய்கை நம்மால் இயலும்.

முதலாவது, 'எமது ஊர்' என்னும் கட்டுரை எழுதுவித்த வாரத்தை அடுத்து, 'எமது அயலூர்' என்னும் கட்டுரையும் எழுதுவித்தல். அவ்வூரிலே நம்மினும் சிறந்தது ஒன்றைக் கண்டு எழுதுதல் வேண்டும் என்பது அதற்கு விதியாகுக. காரைதீவு மாணவன் சாய்ந்தமருது மீனவர் உழைப்பையும், பாண்டிருப்பு மாணவி மருதமுனைத் தறியின் நேர்த்தியையும் எழுதட்டும். பிறன் நலம் காணப் பழகிய கண்ணுக்கு அழுக்காறு எளிதில் வாராது.

இரண்டாவது, பாரதம் படிப்பிக்குங்கால் துரியோதனன் சபையோடு நில்லாது, காண்டவ வனத்தையும் படிப்பித்தல். நம்மை நாம் எப்பொழுதும் பாண்டவராகவே எண்ணிக் கதை கேட்பதால் வந்த கேடு பெரிது. 'நம் காண்டவ வனம் எது?' என்று மாணாக்கரை ஒருமுறையேனும் கேட்டல் வேண்டும்.

மூன்றாவது, நம் பாடசாலைகளின் ஒழுக்கம். பட்டினத்துப் பெரும் பாடசாலை, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையிலே தேறிய பிள்ளைகளைச் சிற்றூர்ப் பாடசாலையினின்றும் அழைத்துக்கொள்கின்றது. பின்னர் அச்சிற்றூர்ப் பாடசாலையின் பெறுபேறு குறைந்ததென்று நகைக்கின்றது. இதனைச் செய்துகொண்டே அரசாங்கம் எம் மாவட்டத்தைப் புறக்கணிக்கின்றது என்றும் முறையிடுகின்றது. மேல் நோக்கிக் கேட்டுக் கீழ் நோக்கி மறுக்கும் பாடம் இதனினும் தெளிவாகப் பிள்ளைகளுக்குப் புலப்படுவது வேறில்லை. பெரும் பாடசாலை ஆசிரியர் மாதம் ஒருநாளேனும் சிற்றூர்ப் பாடசாலைக்குச் சென்று கற்பிப்பாராயின், அந்த ஒருநாள் நூறு பிரசங்கத்துக்கு மேலாகும்.

கீழ்கரையிலே கொக்கட்டிச்சோலை, திருக்கோயில், மண்டூர் என்பவற்றைத் தேசத்துக் கோயில் என்பது மரபு. மூன்றும் பேரூரல்ல, சந்தையாலும் சபையாலும் பெரிதாயினவல்ல. நாடு முழுவதும் வந்து தங்கத் தம் வாயிலைத் திறந்து வைத்ததாற் பெரிதாயின. ஊரின் பெருமை அதன் எல்லைக்குள் எத்தனை பேர் அடங்குவர் என்பதனாலன்று, அதன் வாயிலில் எத்தனை பேர் நாணாது நுழைவர் என்பதனாலேயே அளக்கப்படும். நம் ஊர் பெரிதாகுக என்று வேண்டுவார் யாவரும், அயலூர் பெரிதாகுக என்றும் வேண்டக் கற்பாராக. அவ்வேண்டுதலுக்குத் திருவருள் துணைநிற்பதாக.

சிவம்.